தழை மோதும் சத்தம்

செம்மங்கரை நீரேற்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, வர முடியாது என்று சொல்லத்தான் ஆதிரை வாயெடுத்தாள். கூப்பிட்டவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனார். கியர்பாக்ஸ் கொதித்துக் கொதித்து நின்றுபோகிறது. அது ஆறுவதற்குள் ஊருக்குள் முழங்கால் தண்ணீர் ஏறிவிடுகிறது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். பெரிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பார்ப்பதற்கு இந்த வட்டாரத்தில் உங்களை விட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். "புயல் வேற கிட்ட வருதுங்க" என்றார் கடைசியாக.

"காலையில வர்றேன்" என்றாள் ஆதிரை.

அந்த ஊரை விட்டுத் திருச்சிக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு தடவைதான் போனாள், போன மாசி மாதம், புருஷனின் சாவுக்கு. எடுத்த கையோடு பஸ் ஏறிவிட்டாள்.

கடல் ஏறி வந்த பிறகு செம்மங்கரை கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்ட ஊர். மழைத் தண்ணீர் தானாகக் கடலுக்குப் போகாது. வாய்க்காலில் சேருவதை அள்ளி, உயர்த்திக் கட்டிய கரைக்கு மேலே ஏற்றி, அந்தப் பக்கம் கொட்ட வேண்டும். அதற்காக ஒரு டீசல் என்ஜின், ஒரு கியர்பாக்ஸ், அதன் முனையில் ஒரு பிரம்மாண்டமான பம்பு. மூன்றும் ஒரு கொட்டகைக்குள் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருக்கின்றன. அது ஓடினால் ஊர் இருக்கும்.

கொட்டகை வாசலில் ரிஸ்வான் குடையோடு நின்றிருந்தான். வடிகால் வாரியத்தின் இன்ஜினியர், நாகூர்க்காரன். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"வாங்கக்கா. நான்தான் பேசினது. எனக்கு மெஷினோட மூளை தெரியும், வயிறு தெரியாது. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

மழை தூறிக்கொண்டிருந்தது. வாய்க்கால் பக்கம் ஆதிரை திரும்பவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கியர்பாக்ஸிடம் போனாள். அளவுக்கம்பியை உருவி ஆயிலைத் துணியில் தொட்டுப் பார்த்தாள். கறுத்திருந்தது. மோந்தால் தீய்ந்த வாசனை.

"அளவு சரியாத்தான் இருக்கு. கூடுனாலும் நுரைச்சுச் சூடாவும், குறைஞ்சாலும் சூடாவும். அது இல்லை. ஆனா உள்ள ஏதோ எரிஞ்சிருக்கு."

அடுத்து கூலர். ஆயில் உள்ளே போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தாள். வெளியே வருவது நன்றாகக் குளிர்ந்துதான் வந்தது, அடைப்பில்லை. ஃபில்டரைக் கழற்றினாள். மாவு மாதிரிக் கறுப்புத் தூள், கிளட்ச் தட்டு தேய்ந்த தூள். பிரஷர் மானி மாட்டி ஓடவிட்டதில் பிரஷரும் குறையாமல் நின்றது. சூடு காட்டும் சென்சார் பொய் சொல்கிறதோ என்று தன்னுடைய மானியை வைத்து ஒத்துப் பார்த்தாள். சென்சார் உண்மையைத்தான் சொன்னது.

"எல்லாம் நல்லா இருக்குன்னுதான் இதுக்கு முந்தி வந்தவங்களும் சொன்னாங்க" என்றான் ரிஸ்வான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்ப இது நோய் இல்லை, பழக்கம். ஓடவிடுங்க, பக்கத்துல இருந்து பார்க்கிறேன்."

என்ஜின் வேகமெடுத்தது. ஆதிரை கியர்பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு என்ஜின் சத்தம் சட்டென்று ஏறியது, பம்பின் சத்தம் இறங்கியது. பாரம் கழன்ற மாதிரி. அப்படியே வெகுநேரம் இருந்தது. சூட்டு மானியில் முள் ஏறிக்கொண்டே போனது. பிறகு பாரம் திரும்பப் பிடித்தது. பிடித்துக் கொஞ்ச நேரத்துக்குள் மறுபடியும் விட்டது.

"பாருங்க தம்பி, இதுதான். இதுக்குள்ள ரெண்டு விசிறி எதிர் எதிரே இருக்கு. என்ஜின் ஒண்ணைச் சுத்தும், அது ஆயிலைத் தள்ளும், ஆயில் மத்ததைத் தள்ளும். கிளம்புறப்ப அது வேணும். ஓட்டம் பிடிச்சப்புறம் ரெண்டையும் ஒரு கிளட்ச் சேர்த்துப் பூட்டிடணும். பூட்டலைன்னா என்ஜினோட பலமெல்லாம் ஆயிலைக் கடையறதுலயே போயிடும். கடைஞ்சா கொதிக்கத்தானே செய்யும்? இங்க பூட்டுது, திறக்குது. திறந்துட்டு அப்படியே நிக்குது. யாரோ வேணும்னே பண்ற மாதிரி."

"கிளட்ச் பழுதா?"

"இல்லை. திறன்னு உத்தரவு வருது, திறக்குது. உத்தரவு போடறது யாரு?"

ரிஸ்வான் சுவரோரமிருந்த பெட்டியைக் காட்டினான். "இதுதாங்க. இந்த மெஷினுக்கு இப்ப ஆபரேட்டர் கிடையாது. கைப்பழக்கத்துல ஓடுது."

கைப்பழக்கம் எடுப்பது பற்றி அவளுக்கும் தெரியும். நல்ல ஆபரேட்டராகப் பார்த்து மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். எந்தச் சத்தத்துக்கு அவர் கை லீவரை எப்படி நகர்த்துகிறது, எதற்குப் பொறுக்கிறது, எதற்கு அவசரப்படுகிறது, எல்லாவற்றையும் அது வருஷக்கணக்கில் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளும். பிறகு ஆள் ஓய்வு பெறலாம், சாகலாம். கை மட்டும் வேலையில் இருக்கும். துறைமுகத்தில் கிரேன்கள் இப்படித்தான் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டிருந்தாள். இங்கேயும் வந்துவிட்டது என்பது தெரியாது.

"யாரோட கை?" என்று கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"செழியன்னு ஒருத்தர். ரொம்ப வருஷம் இங்கேயே இருந்தவர். அவர் அளவுக்கு இந்த முகத்துவாரத்தோட போக்கு தெரிஞ்ச ஆள் இல்லையாம். பொதுப் பழக்கத்தைப் போட்டுப் பார்த்தாங்க, பம்பு உடைஞ்சிருக்கும். அவர் கையைப் போட்டாங்க, கோடை முழுக்க அருமையா ஓடுச்சு. மழை ஆரம்பிச்சதும்தான் இந்தத் தொல்லை."

ஆதிரை கியர்பாக்ஸின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டாள். அது சுட்டதனால் எடுத்தாள் என்று ரிஸ்வான் நினைத்திருப்பான்.

"எந்தச் சத்தத்துக்குத் திறக்குதுன்னு பார்க்க முடியுமா?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவன் திரையைத் திருப்பி வைத்து வெகுநேரம் எதையோ தேடினான். வெளியே மழை வலுத்தது. பிறகு நிமிர்ந்தான்.

"கண்டுபிடிச்சுட்டேங்கக்கா. வாய்க்கால் தண்ணி உள்ள வர்ற எடத்துல இரும்புக் கிராதி இருக்குல்ல, அதுல ஏதாவது மெத்துனு மோதினா உடனே கிளட்சைத் திறந்துடறார். கட்டையோ கல்லோ மோதினா கண்டுக்கிறதில்லை. மெத்துனு மோதினா மட்டும். மழையில ஆகாயத்தாமரை வந்து மோதிக்கிட்டே இருக்கும், அதான் ஓயாம திறக்குது." கொஞ்சம் தயங்கினான். "ஆனா இந்தப் பழக்கம் ஆரம்பத்துல இல்லை. முதல் வருஷங்கள்ல எது மோதினாலும் கை அசையவே இல்லை. ஒரு ஐப்பசியில திடீர்னு வந்திருக்கு. அந்த மாசம் என்ன நடந்துச்சுன்னுதான் தெரியலை."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஆதிரை.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எங்க பொண்ணு முகை, அந்த வாய்க்கால்ல விழுந்துட்டா. ஒன்பது வயசு. பள்ளிக்கூடம் விட்டுக் கரை மேல வந்திருக்கா, வழுக்கியிருக்கு. பம்பு முழு வேகத்துல இழுத்துக்கிட்டு இருந்துச்சு. கிராதியில வந்து மோதியிருக்கா. அவருக்குச் சத்தம் கேட்டிருக்கு. நாளெல்லாம் மோதுற தழைதானேன்னு விட்டுட்டார். சாயங்காலம் கிராதியைச் சுத்தம் பண்றப்பதான் பார்த்தாங்க."

ரிஸ்வான் எழுந்து நின்றுவிட்டான். "அக்கா, நீங்க..."

"உக்காருங்க தம்பி. இன்னும் ஒண்ணு பிடிபடலை. அவர் இருந்தப்பவும் இதே மாதிரி திறந்திருக்கார்னா, அப்பவே கொதிச்சிருக்கணுமே. ஏன் கொதிக்கலை?"

அதைக் கேட்டது அவளுக்குள் இருந்த மெக்கானிக். வேறு எதையும் கேட்க அவளால் அப்போது முடியவில்லை. முகையின் காரியம் முடிந்த மறுநாளே செழியன் டூட்டிக்குக் கிளம்பினான். அந்த மெஷின் முன்னால் போய் எப்படி நிற்க முடிகிறது என்று வாசலை மறித்துக் கேட்டாள். மழை விடவில்லை, போகணும் என்று மட்டும் சொன்னான். அவன் கண்ணில் ஒரு சொட்டு நீரை அவள் பார்க்கவில்லை. இவனுக்கு நெஞ்சில் இருப்பதும் இரும்புதான் என்று முடிவு கட்டிக்கொண்டு அந்த மாதமே திருச்சிக்குப் போய்விட்டாள். அவன் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை.

ரிஸ்வான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப திறந்த உடனே பூட்டியிருக்கார். ரெண்டு மூச்சு விடற நேரம்தான். நடுவுல ஒரு குரல் வருது. அந்தக் குரல் வந்தப்புறம்தான் பூட்டியிருக்கார்." அவன் அவளைப் பார்த்தான். "அறையில கேட்ட சத்தமெல்லாம் பதிவாகியிருக்கு. போடட்டுமா? வேணாம்னா வேணாங்க."

"போடுங்க."

முதலில் என்ஜின் இரைச்சல். அதற்குள் ஈரத் துணியைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். உடனே பாரம் கழன்றது. பிறகு செழியனின் குரல், மைக்குக்கு மிக அருகில், அவசரமாக.

"யாரு?"

கிராதிப் பக்கமிருந்து வேறொரு ஆண்குரல் பதில் சொன்னது. "யாருமில்லண்ணே. தழைதான்."

பாரம் பிடித்துக்கொண்டது. ரிஸ்வான் இன்னொன்றைப் போட்டான். வேறு வருஷம், அதே மாதிரி. யாரு? தழைதாண்ணே. இன்னொன்று. அதில் செழியனுக்குச் சளி பிடித்திருந்தது. யாரு? ஒரு தடவைகூட அவன் என்ன அது என்று கேட்கவில்லை.

"எத்தனை இருக்கு இது மாதிரி?" என்றாள் ஆதிரை.

"எண்ண முடியாதுங்கக்கா."

அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ரிஸ்வான் வெளியே போய் மழையில் நின்றான். அவள் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தான்.

"பதில் சொன்னது யாரு?"

"கிராதியில தழை வாரிப் போட சித்திரவேல்னு ஒருத்தர் இருந்தார். செழியன் சார் இறந்து கையை மெஷின்ல போட்டப்ப, தானா வாருற சீப்பு ஒண்ணையும் மாட்டிட்டு அவரையும் நிறுத்திட்டாங்க. இப்ப அங்க ஆள் இல்லை."

"அதான் கேட்டுக்கிட்டே நிக்குது" என்றாள். "யாருன்னு கேக்குது. பதில் வரலை. காத்துக் காத்துப் பார்த்துட்டுத்தான் பூட்டுது."

அதற்குமேல் பேச நேரம் இல்லை. வாய்க்கால் நிறைந்து கிழக்குத் தெருவுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. தாழ்வான வீட்டுக்காரர்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். ரிஸ்வான் சொன்னான், "அந்த ஐப்பசிக்கு அப்புறம் உள்ள பழக்கத்தை வெட்டி எடுத்துடலாம். ஆனா அதுக்கு அரை நாள் பம்பை நிறுத்தணும். தலைமை அலுவலகத்துல அனுமதியும் வேணும். இந்த மழையில நிறுத்தினா ஊர் போயிடும்."

"நிறுத்த வேணாம். கிராதிகிட்ட இருக்கிற மைக் வேலை செய்யுதா?"

"செய்யுது. ஏங்க?"

ஆதிரை செருப்பைக் கழற்றி வைத்தாள். மழைக் கோட்டு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள். அந்த இடத்தை அவள் பார்த்தது அந்த ஒரு சாயங்காலம்தான். இரும்புத் தட்டு, கைப்பிடிக் கம்பி, கீழே சுழித்துக்கொண்டு வரும் செம்மண் தண்ணீர். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் கொத்து ஆகாயத்தாமரை வந்து மெத்தென்று மோதியது. கொட்டகைக்குள் என்ஜின் சத்தம் ஏறியது. அவளுக்கு மட்டும் அது யாரு என்று கேட்பது போலிருந்தது.

"யாருமில்லை. தழைதான்" என்றாள் மைக்கில்.

பாரம் பிடித்துக்கொண்டது. பம்பு இழுக்கத் தொடங்கியது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் ஓசை கனமாகக் கேட்டது.

அன்று முழுவதும் அவள் அங்கேயே நின்றாள். ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். பார்க்காமல் சொல்லத் தோன்றவில்லை. ஒரு தடவை செத்த ஆட்டுக்குட்டி ஒன்று வந்தது. அப்போது மட்டும் வாய் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெஷின் பொறுத்திருந்தது. ரிஸ்வான் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சூடு இறங்கிவிட்டது, முள் பாதிக்குக் கீழே நிற்கிறது என்றான். இருட்டிய பிறகு அவன் வந்து அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தானே நின்றான். அவன் குரலுக்கும் அது கட்டுப்பட்டது. விடிவதற்குள் அவள் மறுபடி வந்துவிட்டாள்.

காலையில் புயல் வடக்கே ஒதுங்கியது. வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. கிழக்குத் தெருவில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் பாத்திரம் பண்டங்களோடு வீட்டுக்குத் திரும்புவது கரை மேலிருந்து தெரிந்தது.

ரிஸ்வான் வந்து பக்கத்தில் நின்றான். "வெட்டறதுக்கு அனுமதி வந்துடுச்சுங்க. இங்க ஒரு ஆள் போடணும்னும் கேட்டுப் பார்த்தேன். கையைத்தான் மெஷின்ல போட்டாச்சே, அப்புறம் ஆள் எதுக்குங்கிறாங்க."

"வெட்டினா, பழைய கை வரும். அப்படித்தானே?"

"ஆமாங்க. அந்த ஐப்பசிக்கு முந்தின கை."

"எம் பொண்ணு மோதினப்ப அசையாத கை."

ரிஸ்வான் கிராதியைக் குனிந்து பார்த்தான்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு பண்ண முடியாதா? ஆள்னா மட்டும் நிக்கிற மாதிரி?"

"எவ்வளவோ யோசிச்சுட்டேங்கக்கா. இந்தக் கலங்கல்ல கேமராவுக்கு எதுவும் தெரியாது. சத்தத்தை வெச்சுத் தழையா ஆளான்னு யாராலயும் சொல்ல முடியாது. அவராலயும் முடியலை. அதனாலதான் எல்லாத்துக்கும் நின்னிருக்கார்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இப்படியே விட்டா, அடுத்த மழையில பதில் சொல்ல ஆள் இல்லாம கிளட்ச் முழுசா எரிஞ்சு நின்னுடும். ஆனாலும் நீங்க வேணாம்னா நான் செய்யலை. ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடறேன்."

ஆதிரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் இங்கேயே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். இருந்தாலும் எத்தனை மழைக்கு இருக்க முடியும்? அவளும் ஒரு நாள் இல்லாமல் போவாள். அன்றைக்கும் இது யாரு என்று கேட்டுவிட்டு, பதில் இல்லாமல், உள்ளுக்குள் எரிந்துகொண்டு நிற்கும். செத்த பிறகுமா ஒரு மனுஷன் இதைப் பட வேண்டும்?

"வெட்டிடுங்க" என்றாள். "ஆனா இந்தக் கரைக்கு வேலி வேணும். ஒரு குழந்தை ஏற முடியாத உயரத்துக்கு. அதை மட்டும் எப்படியாவது போட வெச்சிடுங்க."

"போட வெக்கிறேங்க. அது என் பொறுப்பு."

அவன் நிறுத்துவதற்காக உள்ளே போகத் திரும்பினான். "தம்பி" என்று கூப்பிட்டாள். "நான் சொல்ற வார்த்தை அதுக்குப் புரியுதா?"

"இல்லைங்க. வார்த்தை தெரியாது. இங்கேருந்து மனுஷக் குரல் வந்தாப் போதும், என்ன சொன்னாலும் ஒண்ணுதான்."

"சரி. இன்னும் ஒரு தடவை மோதட்டும். அப்புறம் நிறுத்துங்க."

அவன் போய்விட்டான். வெள்ளம் தணிந்திருந்ததால் தழை வர நேரமானது. கடைசியில் ஒரு சின்னக் கொத்து, ஊதாப்பூ ஒன்றோடு, மெல்ல மிதந்து வந்து கிராதியில் பட்டது. லேசான சத்தம்தான். ஆனாலும் என்ஜின் ஏறியது, பம்பு தொய்ந்தது, மெஷின் காத்து நின்றது.

ஆதிரை மைக்கைப் பிடித்தாள்.

"உங்க மேல தப்பில்லைங்க" என்றாள். "நான் வந்திருக்கணும். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தது எனக்குத் தெரியலை."

கிளட்ச் பூட்டிக்கொண்டது. என்ஜின் ஓசை ஒரே சீராக இறங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே ஓடி, ரிஸ்வான் விசையை அணைத்ததும் நின்றது.

அவன் பெட்டியோடு மல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கியர்பாக்ஸைத் திறந்தாள். எரிந்த ஆயிலை வடித்து, தேய்ந்த கிளட்ச் தட்டுகளை மாற்றி, புது ஆயில் ஊற்றினாள். மத்தியானத்துக்குமேல் ஓடவிட்டார்கள். பழைய கை பதமாக வேகமெடுத்தது. பூட்ட வேண்டிய இடத்தில் பூட்டியது. முள் ஏறவே இல்லை. அவ்வளவு அழகாக அந்த மெஷின் ஓடி அவள் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் செழியன் பெருமையாகக் கூட்டிவந்து காட்டிய ஓட்டம் இப்படித்தான் இருந்திருக்கும். அப்போது அவளுக்கு மெஷின் தெரியாது.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியருகே வந்தாள். ரிஸ்வான் வழியனுப்ப வந்தான். திருச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்கக்கா என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாய்க்கால் பக்கம் மெத்தென்று ஒரு சத்தம் கேட்டது.

கொட்டகைக்குள் எதுவும் மாறவில்லை. என்ஜின் அதே சீரில் ஓடியது, பம்பு இழுத்துக்கொண்டே இருந்தது.

ஆதிரையின் கை வண்டிக் கதவில் நின்றது. ரிஸ்வான் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, சேற்றில் கால் பதிய, கிராதியை நோக்கி வேகமாக நடந்தான். அவன் பார்த்துவிட்டு வந்து சொல்லும் வரை அவள் வண்டியில் ஏறவில்லை.